ஏரிக்கரையில் வீடு வாங்கினவனுக்கு நாலு வார்த்தை

டப்ளின்லேருந்து வந்து, ஏரியைப் பாத்தாப்ல ஒரு பழைய வீட்டை வாங்கிப் போட்டிருக்கே. ரொம்ப சந்தோஷம் மகனே. நீ கொடுத்த விலையைக் கேட்ட அன்னைக்கு ஊரே சந்தோஷப்பட்டுச்சு. வித்தவன் இன்னும் அந்தச் சந்தோஷத்துலேருந்து தெளியலை. கூரை எந்த மூலையில ஒழுகும்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். மழைக்கு இங்க ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லை, அதுவே வந்து காட்டிக் கொடுத்துடும்.

வேற சில விஷயம் இருக்கு. அதெல்லாம் பத்திரத்துல எழுதியிருக்காது. யாராவது ஒருத்தர் வாயால சொல்லித்தான் ஆகணும். ஊர்ல என்னைவிட வெட்டியா இருக்கிறவன் கிடையாதுங்கிறதால அந்தப் பொறுப்பு எங்கிட்ட வந்து சேந்திருக்கு. அந்தப் பலகையில உக்காரு. நாயைக் கண்டு பயப்படாதே. அதுக்கு ஐரிஷ் மட்டும்தான் தெரியும். நீ இங்கிலீஷ்ல திட்டினாலும் மனசுல வச்சுக்காது.

நீ வந்து இறங்கியிருக்கிற ஊருக்குப் பேரு கோர் ந மோனா. கால்வே மாவட்டம், கோரிப் ஏரியோட வடகரை. மேற்கே போனா மாம், கிழக்கே போனா காங். சுத்துவட்டாரத்துக்கெல்லாம் சேத்து ஜாய்ஸ் நாடுன்னு பேரு. 13-ஆம் நூற்றாண்டுல வேல்ஸ் பக்கத்துலேருந்து ஒரு ஜாய்ஸ் குடும்பம் வந்துச்சு. வந்தவங்க திரும்பிப் போகலை, பெருகிட்டாங்க. அதனால "ஜாய்ஸ் வீடு எது?"ன்னு தபால்காரர்கிட்ட கேட்டு வைக்காதே, அவர் வண்டியை ஓரங்கட்டிட்டுச் சிரிப்பார். இங்க ஒரு ஆளைச் சொல்லணும்னா அவன் பேரு, அவன் அப்பன் பேரு, தாத்தன் பேருன்னு கோத்துக்கிட்டே போகணும். உனக்கு அப்பனும் தாத்தனும் இங்க இல்லைங்கிறதால வேற மாதிரி ஒரு பேரு வச்சாச்சு. என்னன்னு விசாரிக்காதே. தெரிஞ்சா வீட்டை வித்துட்டுப் போயிடுவே.

வர்ற வழியில ரெண்டு தடவை சுத்திக்கிட்டே வந்தியாமே? உன் மேல தப்பில்லை. உன் போன்ல க்ளோன்பர்னு இருந்திருக்கும், ரோட்டுப் பலகையில அன் அரஹேன்னு இருந்திருக்கும். ரெண்டும் ஒரே ஊர்தான். 2005-லேருந்து ஐரிஷ் பேசுற பகுதிகள்ல பலகையில ஐரிஷ் பேரு மட்டும்தான்னு சட்டம். எங்க பாட்டி காலத்துல வயல்ல ஒரு மண்கட்டி இருக்கும்பாங்க. அதை மிதிச்சவனுக்குப் பொறந்து வளந்த வயலே அடையாளம் தெரியாது, விடியவிடிய வேலியைச் சுத்திக்கிட்டே கிடப்பான். மண்கட்டி செஞ்ச அந்த வேலையை இப்ப அரசாங்கமே ஏத்துக்கிச்சு. பரிகாரம் மட்டும் பழசுதான்: போட்டிருக்கிற கோட்டைக் கழட்டி, உள்பக்கம் வெளியே தெரியுறாப்ல திருப்பிப் போட்டுக்கோ. உனக்கு வழி தெரியுதோ இல்லையோ, தூரத்துலேருந்து பாக்குற எங்களுக்கு நீ வழி தப்பினவன்னு தெரிஞ்சுடும். யாராவது டிராக்டரை எடுத்துக்கிட்டு வருவோம்.

ஏரியைப் பத்திக் கேட்டியே. சுமார் 176 சதுர கிலோமீட்டர். அயர்லாந்துக் குடியரசுல இதைவிடப் பெரிய ஏரி கிடையாது. தீவு எத்தனைன்னு எந்தப் படகுக்காரனைக் கேட்டாலும் 365ம்பான், வருஷத்துல நாளைக்கு ஒண்ணு. லீப் வருஷத்துக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு, அது இன்னைக்குத் தண்ணிக்கடியில போயிடுச்சும்பான். எண்ணிப் பாத்தவங்க இதைவிட அதிகமா சொல்றாங்க. எங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம்; நாள்காட்டிக்குள்ள அடங்குறதுதான் நினைவுல நிக்கும்.

ஏரி வந்த கதையும் உண்டு. கடலுக்கே அதிபதியா இருந்த மனனான் மக் லிருக்கு ஓர்ப்சென்னு இன்னொரு பேரு. அவனுக்கும் உல்லின்ங்கிறவனுக்கும் இந்தப் பக்கம் பெரிய சண்டை. உல்லின் ஜெயிச்சான். செத்தவனைப் பொதைக்கக் குழி வெட்டினாங்க, குழிக்குள்ளேருந்து தண்ணி பீறிட்டு வந்து ஏரியா நின்னுடுச்சு. ஓர்ப்சென் ஏரின்னுதான் பழைய பேரு. அதுதான் தேய்ஞ்சு கோரிப் ஆச்சு. கவனிச்சியா, கடல்சாமி செத்தது தரையில. உனக்கு நீச்சல் தெரியும்னு நேத்து பப்ல பெருமையடிச்சியாமே, அதுக்காகச் சொல்றேன்.

இப்ப கோழிக் கோட்டைக்கு வர்றேன். மாம் பக்கமா ஏரி ஒரு கையை நீட்டும். அந்தத் தண்ணிக்கு நடுவுல ஒரு பாறை, பாறையை முழுசா அடைச்சுக்கிட்டு ஒரு கல்கோட்டை. இப்ப சுவர்தான் பாக்கி. அதுக்கு மூணு கதை இருக்கு. மூணையும் ஒரே மூச்சுல சொல்லப் போறேன். நடுவுல "அதுவும் இதுவும் ஒத்துப் போகலையே"ன்னு கேட்டா எழுந்து போயிடுவேன்.

முதல் கதையில ஒரு சேவலும் ஒரு கோழியும் சேந்து ஒரே ராத்திரியில அந்தக் கோட்டையைக் கட்டி முடிச்சதுங்க. சிரிக்காதே. உன் கூரையைச் சரி பண்ண வர்றேன்னு சொன்னவன் எத்தனை மாசம் கழிச்சு வர்றான்னு பாரு, அப்ப உனக்கே அந்தச் சேவல் மேல ஒரு மரியாதை வரும்.

ரெண்டாவது கதை சாப்பாட்டைப் பத்தினது. ஒரு சூனியக்காரக் கிழவி கோட்டையை ஓஃப்ளாஹர்ட்டி வம்சத்துக்காரன் ஒருத்தன்கிட்ட ஒப்படைச்சா. கூடவே ஒரு கோழி. "எதிரி வந்து வளைச்சுக்கிட்டா பயப்படாதே. முற்றுகை எவ்வளவு நாள் நீடிச்சாலும் இந்தக் கோழி உனக்கு வேண்டிய முட்டையைப் போடும்"ன்னு சொல்லிட்டுப் போனா. எதிரியும் வந்தான், வளைச்சும் நின்னான். கோழி தன் வேலையைச் செஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. இவனுக்கு முட்டை சலிச்சுப் போச்சு. கழுத்தைத் திருகி சட்டியில போட்டுட்டான். ஒரு வேளை நல்ல சாப்பாடு. அப்புறம் பட்டினி. எங்க ஊர்ல ஏரிக்கரை நிலத்தை வித்துட்டுக் கார் வாங்கினவங்களைப் பாத்தா கிழவிங்க "கறி நல்லா வெந்துச்சா?"ன்னு கேப்பாங்க. கேட்டுட்டு அவங்க போயிடுவாங்க. கேக்கப்பட்டவன்தான் ராத்திரி தூங்க மாட்டான்.

மூணாவது கதை எங்க வம்சத்துக்குக் கொஞ்சம் அவமானம். ஆனாலும் விட மாட்டேன். 16-ஆம் நூற்றாண்டுல கோட்டை டோனல் ஓஃப்ளாஹர்ட்டி கையில இருந்துச்சு. ஆள் முரடன், சண்டைக்கோழி. அவனுக்கே சேவல்னுதான் பட்டப்பேரு. கோட்டை எங்களுதுன்னு ஜாய்ஸ்காரங்க சொன்னோம், என்னுதுன்னு அவன் சொன்னான். கடைசியில அவனை மடக்கிக் கொன்னுட்டோம். சேவல் போயிடுச்சு, இனி என்ன, கதவைத் தட்டினா தொறந்துடும்னு நினைச்சுக்கிட்டுப் போயிருக்காங்க எங்க பெரியவங்க. உள்ளே அவன் பொண்டாட்டி இருந்தா. பேரு க்ரான்யா ஓமாலி. கப்பல் விட்டவ, கடற்கொள்ளை அடிச்சவ, பின்னாடி 1593-ல இங்கிலாந்துக்கே போயி எலிசபெத் ராணியை நேருக்கு நேர் பாத்துப் பேசிட்டு வந்தவ. அப்படியாப்பட்டவகிட்ட போயி சாவி கேட்டிருக்காங்க! வாங்கின அடியில கோட்டைக்குப் பேரே மாறிப் போச்சு, அன்னையிலேருந்து கோழிக் கோட்டை. இன்னொரு சமயம் கால்வேலேருந்து இங்கிலீஷ் பட்டாளம் வந்து வளைச்சப்ப கூரையிலிருந்த ஈயத்தைப் பேத்து உருக்கி அவங்க தலையில ஊத்தினாள்னும் சொல்லுவாங்க. தோத்த கதையைத் தோத்தவனே நானூறு வருஷத்துக்கு மேல ரசிச்சுச் சொல்ற ஊர் இது. நீயும் உன் வீட்டு விலையை ஒரு பத்து வருஷம் கழிச்சு இப்படிச் சொல்லப் பழகிக்கோ.

இதுல எது நிஜம்னு கேக்கத்தான் உன் வாய் துறுதுறுங்குது. கேட்டுடாதே. அந்தக் கேள்வியைக் கேட்டா பப்ல எல்லாரும் கோப்பைக்குள்ள எதையோ தேட ஆரம்பிச்சுடுவாங்க. "இதுக்கு இன்னொரு கதை இருக்காமே?"ன்னு கேளு. விடியுற வரைக்கும் வீட்டுக்குப் போக விட மாட்டாங்க. ஆனா ஒண்ணு, பெரிய கதைங்களைக் கேக்கணும்னா நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும்தான் வரணும், அதுவும் இருட்டினதுக்கப்புறம். பகல்ல கதை சொல்றவன் வேலைக்காகாதவன்னு அப்பல்லாம் பேரு. நான் இப்ப உனக்குப் பகல்ல சொல்றது கதை இல்லை, புத்திமதி.

நம்புறீங்களான்னும் கேக்கக் கூடாது. காலேஜ்ல படிச்ச பொண்ணு ஒண்ணு வந்திருந்துச்சு. நல்ல பொண்ணு, மழையில வந்தாலும் காலணியைக் கழட்டிட்டு உள்ளே வந்துச்சு. அதுக்கு ஒரு கதை சொன்னேன்: மலைக்கு அந்தப் பக்கம் மாஸ்க் ஏரி இருக்குல்ல, அதுல ஒரு தண்ணி நாய் உண்டு. இதைக் குடிகாரன் யாரும் சொல்லலை. ரோடரிக் ஓஃப்ளாஹர்ட்டின்னு பெரிய படிப்பாளி 1684-லேயே எழுதி வச்சிருக்கார். ஒருத்தன் கரையோரமா நடந்து போறான். தூரத்துல ஒரு தலை நீந்துது. நீர்நாய்தானேன்னு விட்டுட்டு நடக்கிறான். அது தலையைத் தூக்கி இவன் எங்க இருக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டு, முங்கி, தரை தட்டுற வரைக்கும் அடியில வந்து, பாஞ்சு இவன் முழங்கையைக் கவ்விடுச்சு. இவன் குனிஞ்சான், தலையில பல்லைப் பதிச்சுத் தண்ணிக்குள்ள இழுத்துச்சு. கையில ஒரு கல் சிக்கிச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டான். அப்புறம்தான் சட்டைக்குள்ள கத்தி இருக்கிற ஞாபகமே வந்திருக்கு. ஒரே குத்து, அது விட்டுட்டு ஓடிடுச்சு. வேட்டை நாய் அளவு, கருப்பு, வழுவழுன்னு தோல், மயிரே கிடையாது.

அந்தப் பொண்ணு நோட்டுல எல்லாத்தையும் எழுதிட்டு, "பிள்ளைங்க தண்ணிப் பக்கம் போகாம இருக்கணும்னு பெரியவங்க கட்டிவிட்ட கதை தாத்தா இது"ன்னு விளக்கம் சொல்லுச்சு. அருமையான விளக்கம். கத்தியோட நடந்து போன அந்த ஆள் பிள்ளை இல்லையேம்மான்னு மட்டும் கேட்டேன். அதையும் எழுதிக்கிச்சு. அப்ப நீங்க நம்புறீங்களான்னு திருப்பிக் கேட்டுச்சு. சேச்சே, நான் நம்புறதெல்லாம் இல்லை. பொழுது சாஞ்சப்புறம் மாஸ்க் ஏரிக்கரையில நான் நடக்கிறதில்லை, அது முட்டி வலி.

படிச்சவங்க விளக்கம் சொன்னா நான் எப்பவுமே மரியாதையா கேட்டுக்குவேன். ஏன்னா காங் கால்வாயைப் பாத்தவன் நான். நீயும் போய்ப் பாக்கணும், வண்டியில கொஞ்ச நேரம்தான். மாஸ்க் ஏரி மேலே இருக்கு, கோரிப் ஏரி கீழே. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன நிலத்துண்டு. தண்ணி மேலேருந்து கீழே வர்றது எப்படின்னு காங்ல இருக்கிற எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்லியிருப்பா: பூமிக்கு அடியில. அங்க புறாப் பொந்துன்னு ஒரு குகை இருக்கு. படியிறங்கிப் போனா இருட்டுல ஆறு ஓடுற சத்தம் கேக்கும். அந்த ஆத்துல ஒரு வெள்ளை மீன். மீன் இல்லை, ஒரு பொண்ணு. கல்யாணம் பண்ணிக்க இருந்தவனைக் கொன்னு ஏரியில போட்டுட்டாங்க, அன்னைக்கு அவ காணாம போனா, அதுக்கப்புறம்தான் அந்த வெள்ளை டிரௌட் மீன் ஆத்துல தெரிய ஆரம்பிச்சுது. ஊர்ல ஒருத்தரும் அதைத் தொட்டதில்லை.

ஒரு பட்டாளத்துக்காரன் வந்தான். ஊர்க்காரங்க சொன்னாங்க, கேக்கலை. பிடிச்சுக்கிட்டுப் போயி வாணலியில போட்டான். மீன் கத்துச்சு. அவன் சிரிச்சான். ஒரு பக்கம் வெந்திருக்கும்னு திருப்பிப் பாத்தான், ஒரு இடம்கூட சிவக்கலை. மறுபக்கம் போட்டான், அதுவும் அப்படியே. பொறுமை போயி, வெந்தது போதும்னு கத்தியை வச்சான். மீன் துள்ளிக் கீழே விழுந்து, கையில ரத்தம் வழிய ஒரு பொண்ணா எழுந்து நின்னா. நின்னு என்ன சொன்னான்னு நினைக்கிறே? சாபம் விடலை. "என் ஆள் வர்ற நேரம் இது, நான் தண்ணியில இல்லாட்டி என்னைத் தாண்டிப் போயிடுவான், கொண்டுபோய் விடு"ன்னு அதட்டினா. விட்டுட்டு வந்தவன் துப்பாக்கியைப் போட்டுட்டு சாமியாரா போயிட்டான். சாமுவேல் லவர்ங்கிறவர் இதை இங்கிலீஷ்ல எழுதி, அப்புறம் 1888-ல யேட்ஸ் தன்னோட தொகுப்புலயும் சேத்துட்டார். அதனால இப்ப உனக்கு நூலகத்துலேயே கிடைக்கும்; எங்கிட்ட கேட்டா வாணலியில எண்ணெய் பொரியுற சத்தமும் சேத்துக் கிடைக்கும்.

சரி, கால்வாய்க்கு வர்றேன். பெரும் பஞ்சத்துக்கு நடுவுல, 1848-ல, ரெண்டு ஏரியையும் படகு போறாப்ல இணைக்கணும்னு முடிவாச்சு. பட்டினி கிடந்தவங்க கையில கடப்பாறையைக் கொடுத்தாங்க. பாறையை உடைச்சு, கரை கட்டி, கதவு வைக்கிறதுக்குக் கல் வேலை எல்லாம் நேர்த்தியா முடிச்சாங்க. இன்னைக்கும் அந்தக் கல் வேலை அப்படியே நிக்குது, அவ்வளவு சுத்தம். தண்ணியை விட்டாங்க. கீழே இருந்தது சுண்ணாம்புப் பாறை, உடம்பெல்லாம் ஓட்டை. தண்ணி வழக்கமா போற வழியிலேயே போயிடுச்சு. 1854-ல வேலையைக் கைவிட்டாங்க. ரயில் வரப் போகுது, செலவு மிஞ்சிப் போச்சு, அதனாலதான் நிறுத்தினோம்னு கணக்கு எழுதினவங்களும் உண்டு. இருக்கலாம், கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன். மீன் பூமிக்கு அடியில போகுதுன்னு இத்தனை கிழவிங்க சொல்லிக்கிட்டு இருந்தப்ப, தண்ணி மட்டும் மேலே நிக்கும்னு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்கன்னுதான் தெரியலை. படகு போறதுக்கு வெட்டின பள்ளத்துல கோடையில நீ காலணி நனையாம நடந்து போகலாம்.

அதுக்காகக் கிழவன் சொல்றதெல்லாம் வேதம்னு எடுத்துக்கிட்டாலும் கெட்டே. 1937-லேருந்து 1939 வரைக்கும் ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையம் ஒரு காரியம் பண்ணுச்சு. பள்ளிக்கூடத்துல வாராவாரம் எழுதுற கட்டுரைக்குப் பதிலா, பிள்ளைங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட பழைய சங்கதிகளைக் கேட்டு எழுதிட்டு வரணும். 26 மாவட்டம், சுமார் 5,000 பள்ளிக்கூடம், 50,000-க்கு மேல பிள்ளைங்க. நாட்டு வைத்தியம், வானிலைக் குறி, வெண்ணெய் கடையுறது, புதையல்னு வாரத்துக்கு ஒரு தலைப்பு. நல்லா எழுதினதை வாத்தியார் பெரிய நோட்டுல ஏத்திக்குவார். எங்க அத்தைக்கு அப்ப பன்னிரண்டு வயசு. ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி எங்க தாத்தாகிட்ட போயி, "அப்பா, நாளைக்குப் புதையல், ஏதாவது சொல்லு"ன்னு நின்னிருக்கு. தாத்தா புகைக்குழாயைப் பத்த வச்சுக்கிட்டு யோசிச்சார். அவருக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் அப்ப ஒரு வேலித் தகராறு. அவ்வளவுதான், அந்த ஆளோட நிலத்துல, சரியா கிழக்கு மூலையில, ஒரு பானை நிறைய தங்கம், காவலுக்கு ஒரு கருப்புப் பூனைன்னு சொல்லி முடிச்சுட்டார். அத்தை நல்ல கையெழுத்துல எழுதுச்சு, வாத்தியார் மெச்சிக்கிட்டார்.

அந்த ஆணையத்தோட தொகுப்பு டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில இருக்கு. 2017-ல யுனெஸ்கோகாரங்க அதை உலக நினைவுப் பட்டியல்ல சேத்துட்டாங்க. ஆக, எங்க தாத்தாவோட வேலித் தகராறு இன்னைக்கு மனித குலத்தோட பாரம்பரியச் சொத்து. கொஞ்ச நாள் முன்னாடி ஒருத்தர் உலோகம் தேடுற கருவியைத் தூக்கிக்கிட்டு அந்தக் கிழக்கு மூலையில வந்து நின்னார். அனுமதி இல்லாம அதை வச்சுப் பழம்பொருள் தேடுறது இங்க சட்டப்படி குற்றம்கிறதைப் பக்குவமா எடுத்துச் சொல்லி அனுப்பினோம். பூனையைப் பத்தியும் சொன்னோம். சட்டத்தைவிடப் பூனைக்குத்தான் சீக்கிரம் கிளம்பினார்.

பெரிய கதைசொல்லிங்ககிட்டே அதே ஆணையத்துலேருந்து வேற ஆளுங்க போவாங்க, எடிஃபோன்னு ஒரு மெழுகு உருளை இயந்திரத்தைச் சைக்கிள்லயும் கார்லயும் கட்டிக்கிட்டு. கிழவர் பேசுவார், மெழுகுல பதியும், ராத்திரி உக்காந்து ஒரு எழுத்து விடாம எழுதுவாங்க. எழுதி முடிச்சதும் உருளையைச் சீவிட்டு அடுத்த கிழவரைப் பதிவாங்க. மெழுகு விலை அப்படி. வார்த்தையெல்லாம் பத்திரமா இருக்கு. குரல் பெரும்பாலும் சீவலா போயிடுச்சு.

மொழியைப் பத்திச் சொல்லாம விட்டா நீ நாளைக்கே மாட்டிக்குவே. 2022 கணக்கெடுப்புல, எனக்கு ஐரிஷ் பேச வரும்னு சொன்னவங்க 18 லட்சத்துக்கு மேல. பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுறவங்க எத்தனைன்னு கேட்டா சுமார் 72,000. அதுலயும் எங்களை மாதிரி ஐரிஷ் பகுதியில இருக்கிறவங்க 20,000 சொச்சம். மீதிப் பேர் எங்கன்னா, எல்லாரும் மொழியை நேசிச்சுக்கிட்டு இருக்காங்க. கோடையில வருவாங்க, கண்ணுல தண்ணி விடுவாங்க, எவ்வளவு அழகான மொழின்னு இங்கிலீஷ்ல சொல்லுவாங்க. நாலு பேர் ஐரிஷ்ல பேசிக்கிட்டு இருக்கிற இடத்துல அப்படி ஒருத்தர் வந்து உக்காந்தா, மரியாதைக்காக நாலு பேரும் இங்கிலீஷுக்கு மாறிடுவோம். அவர் எழுந்து போறப்ப, "இங்கயும் யாரும் பேசுறதில்லையே"ன்னு வருத்தப்பட்டுக்கிட்டே போவார்.

நீ நேசிக்க வேண்டாம். கடையில பால் வாங்குறப்ப பேசு, தப்பா பேசு. கடைக்காரம்மா திருத்த மாட்டாங்க, நீ போனதும் எல்லாருக்கும் நடிச்சுக் காட்டுவாங்க, அதுதான் ஊருக்குள்ள சேத்துக்கிட்டதுக்கு அடையாளம். டப்ளின் பிள்ளைங்க கோடை வகுப்புக்கு வந்து இங்க வீடுகள்ல தங்குமே, அதுங்களைப் பாரு. இங்கிலீஷ் பேசிப் பிடிபட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கங்கிற பயம். அதனால ராத்திரி போர்வைக்குள்ள இங்கிலீஷ் பேசும். எங்க தாத்தா காலத்துல பள்ளிக்கூடத்துல அடி விழுந்தது ஐரிஷ் பேசினதுக்கு. அந்தப் பிள்ளைங்களுக்கு இதைச் சொன்னேன். ஒரு பையன் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "அப்ப உங்க தாத்தா போர்வைக்குள்ள ஐரிஷ் பேசுவாரா?"ன்னு கேட்டான். அவனுக்கு மட்டும் ரெண்டு பிஸ்கட் சேத்துக் கொடுத்தேன்.

சிரிக்காம ஒண்ணு சொல்லணும், இதுல நையாண்டி பண்ண எனக்கு வாய் வராது. மலைக்கு அந்தப் பக்கம் மாம்ட்ராஸ்னா. 1882 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி ஒரே வீட்டுல அஞ்சு பேரைக் கொன்னுட்டாங்க. கொலையானவங்களும் ஜாய்ஸ், பிடிபட்டவங்கள்லயும் ஜாய்ஸ். அதுல ஒருத்தர் மீல்ரா; கோர்ட்டுல வச்ச பேரு மைல்ஸ் ஜாய்ஸ். அவருக்கு ஐரிஷ் தவிர ஒரு வார்த்தை தெரியாது. டப்ளின்ல விசாரணை முழுக்க இங்கிலீஷ்ல. கூட நின்ன மத்த ரெண்டு பேரும், குற்றம் எங்களோடது, இவர் மேல தப்பில்லைன்னு சாவுக்கு முன்னாடி சொன்னாங்க. டிசம்பர் 15-ஆம் தேதி கால்வே சிறையில மூணு பேரையும் தூக்குல போட்டாங்க. எங்க பேர்க்காரர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1907-ல இத்தாலியப் பத்திரிகை ஒண்ணுல இதைப் பத்தி எழுதினார். நாட்டோட ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்தது 2018-ல. மீல்ராவோட ஆவியைச் சிறையில பாத்ததா காவலுக்கு நின்னவங்களே சொன்னாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. அதை நம்புறியான்னு இங்க யாரையும் நீ கேக்க மாட்டேன்னு நினைக்கிறேன்.

மீதி எல்லாம் சில்லறை. மே முதல் தேதி பக்கத்து வீட்டுல போயி பாலோ நெருப்போ கடன் கேக்காதே, அந்த வருஷத்து வெண்ணெய் அதிர்ஷ்டத்தையே நீ அள்ளிக்கிட்டுப் போறேன்னு ஆயிடும். ராத்திரியில வாசல்ல தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடு, அந்த நேரத்துல யார் நடந்து போறாங்கன்னு உனக்கென்ன தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டத்தைப் பேர் சொல்லிப் பேசாதே, நல்லவங்கன்னு மட்டும் சொல்லு, காது கூர்மை. மே நடுவுல ஏரியிலேருந்து மே ஈ கிளம்பும். ரெண்டு வருஷம் சேத்துல கிடந்துட்டு, வெளியே வந்தப்புறம் சாப்பிடக்கூட வாயில்லாம ஒண்ணு ரெண்டு நாள்ல சாகுற பூச்சி. புதர்ல உக்காந்திருக்கிறதை நம்ம பிள்ளைங்க பொறுக்கி, ஓட்டை போட்ட மரப்பெட்டியில அடைச்சு, தூண்டில் போட வர்ற வக்கீலுக்கும் டாக்டருக்கும் விப்பாங்க. நீளக் கழி, லேசான பட்டு நூல், கொக்கியில உயிரோட ஈ. காத்து நூலைத் தூக்கிக்கிட்டுப் போயி ஈயைத் தண்ணி மேல மெல்லத் தொட வைக்கும். பேரம் பேசாதே. அந்தப் பிள்ளைங்ககிட்ட பேரம் பேசி ஜெயிச்ச வக்கீல் இதுவரைக்கும் வரலை.

கடைசியா, நீ கேட்ட விஷயம். உன் ஜன்னலுக்கு நேரே, வயல் நடுவுல ஒத்தையா நிக்குதே அந்த முள்மரம், ஏரியை மறைக்குதுன்னு வெட்டணும்னு சொன்னே. தாராளமா வெட்டு, உன் நிலம், உன் மரம். 1999-ல கிளேர் மாவட்டத்துல நெடுஞ்சாலை போட வந்தப்பகூட லதூன்ங்கிற இடத்துல இப்படித்தான் ஒரு முள்மரம் குறுக்கே நின்னுச்சு. எடி லெனிஹன்னு ஒரு கதைசொல்லி, அது நல்லவங்க கூடுற மரம், தொட்டா ரோட்டுல விபத்தா நடக்கும்னு பத்திரிகைக்கு எழுதினார். உலகமே சிரிச்சுது. நெடுஞ்சாலை மரத்தை விட்டுட்டு ஒதுங்கிப் போச்சு. மரம் வேலிக்குள்ள நின்னுச்சு. அது கிளேர், அங்க இருக்கிறவங்க பயந்தாங்கொள்ளிங்க.

நம்ம ஊர்ல மண் தோண்டுற இயந்திரம் வச்சிருக்கிற பையன் நம்பர் தர்றேன். இஞ்சினியரிங் படிச்சவன், இந்த மாதிரி பேச்சையெல்லாம் காதுல வாங்க மாட்டான். மரத்தை எடுக்கணும்னு சொல்லு, உடனே சரிம்பான், விலைகூட குறைச்சுத்தான் சொல்லுவான். இந்த வாரம் அவனுக்கு அன் அரஹேல வேலை இருக்கும். அடுத்த வாரம் சக்கரத்துல ஏதோ உடைஞ்சிருக்கும், உதிரி பாகம் ஜெர்மனியிலேருந்து வரணும். அதுக்கடுத்த வாரம் மழை. அவன் இதே மாதிரி மூணு வீட்டுக்குச் சரின்னு சொல்லி வச்சிருக்கான், அதுல ரெண்டு வீட்டுக்காரங்க போயே சேந்துட்டாங்க. அவனைக் கோவிச்சுக்காதே. வீட்டுக்குப் பின்னாடி கழிவுநீர்த் தொட்டி தோண்டணும்னு சொல்லிப் பாரு, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கே வண்டியோட வந்து நிப்பான். குழியை மட்டும் மரத்துலேருந்து நூறடி தள்ளி வெட்டுவான்.